வீட்டு வாசல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் முதன்முறையாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்குவதற்காக மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் பார்த்து வருகிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பதால் தரைத்தளமே வேண்டும் என்பது என் விருப்பம். வெள்ளத்துக்கு அஞ்சி, மூன்றாம் மாடிக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்கள் இருவருடைய கவலையிலும் நியாயம் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் புகுந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நீர் வடிய நாட்கணக்கானதையும் பார்த்தவர்கள், தரைத்தளம் என்றாலே தயங்குவது இயல்பு. நீங்கள் பார்க்கும் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி அமைந்திருக்கிறது. தென்சென்னையின் பெரும் பரப்பிலிருந்து வடியும் மழைநீர் அந்தச் சதுப்பு நிலத்தில் சேர்ந்துதான் கடலை நோக்கிச் செல்கிறது. ஆகவே எந்த மாடி என்பதை முடிவு செய்வதற்கு முன்னால் எந்தத் தெரு என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மூன்றாம் மாடியில் வாங்கினாலும் லிஃப்ட், மோட்டார், மின் பலகை, கீழ்நிலைத் தொட்டி ஆகியவை தரையில்தான் இருக்கும். தெருவில் இடுப்பளவு நீர் நின்றால் மின்சாரம் நிறுத்தப்படும், தொட்டியில் சாக்கடை நீர் கலக்கும், லிஃப்ட் ஓடாது. முழங்கால் வலியுள்ள ஒரு மூத்தவர் அந்த நாட்களில் மேலே சிறைப்பட்டவர் போலாகிவிடுவார். இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அல்ல. உயரம் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்காகத்தான். தரையில் வண்டி நிறுத்துமிடமும் அதற்கு மேலே வீடுகளும் உள்ள கட்டடத்தில் முதல் மாடியையோ இரண்டாம் மாடியையோ தேர்ந்தெடுப்பது உங்கள் இருவருக்கும் பொருந்தும். மின் பலகையும் ஜெனரேட்டரும் தரைமட்டத்திலிருந்து உயர்த்தி வைக்கப்பட்டுள்ளனவா, மின்தடையின்போது லிஃப்ட் அந்த ஜெனரேட்டரில் ஓடுமா என்று நேரில் பாருங்கள். கட்டடத்தின் தரைமட்டம் இன்றைய சாலையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதிய தார் போடும் வழக்கத்தால், ஒரு காலத்தில் மேடாக இருந்த வீடுகள் பள்ளமாகிப்போன தெருக்கள் சென்னையில் ஏராளம்.

விற்பவரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பதால் பயன் குறைவு. அந்தத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடமும், எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடமும் கேளுங்கள். கோடையில் குடிநீர் வாரியக் குழாயில் நீர் வருகிறதா, லாரித் தண்ணீர்தானா என்பதையும் அவர்களிடமே தெரிந்துகொள்ளலாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது பட்ட பாட்டை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் ஒருமுறையாவது அந்தத் தெருவை நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

கேள்வி: 1,200 சதுர அடி என்று சொல்லப்பட்ட வீட்டை அளந்து பார்த்தால் உள்ளே அந்த அளவு இல்லவே இல்லை. இது ஏமாற்று வேலையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்டது ‘சூப்பர் பில்ட் அப்’ பரப்பாக இருக்கலாம். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை போன்ற பொது இடங்களில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ‘கார்ப்பெட்’ பரப்பு, அதாவது வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பு, எதுவென்று வரையறுத்து, அதைத் தெரிவித்தே விற்க வேண்டும் என்கிறது. உள்சுவர்கள் அதில் அடங்கும். வெளிச்சுவரும் பால்கனியும் அடங்கா. எனவே இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது, இரண்டின் விலையையும் கார்ப்பெட் பரப்பால் வகுத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். கட்டடம் நிற்கும் பொது நிலத்தில் உங்கள் பங்காக எழுதித் தரப்படும் ‘பிரிக்கப்படாத பாகம்’ எவ்வளவு என்பதையும் பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழசாகும், நாளை இடித்துக் கட்டும்போது உங்கள் கையில் மிஞ்சுவது அந்தப் பாகம்தான். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: கிழக்கு வாசல் வீடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறார் என் தந்தை. காத்திருக்கலாமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: நம்பிக்கையில் நான் தலையிட விரும்பவில்லை. ஆனால் சென்னையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவதால், வாசல் எந்தத் திசையில் இருந்தாலும் படுக்கையறைச் சன்னல் அந்தப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். மேற்குச் சுவரை ஒட்டிய அறை கோடை இரவிலும் கொதிக்கும்.

கேள்வி: வாடகை வீடு தேடுகிறோம். பிடித்த வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டம் மூன்று மாதம் என்கிறதாமே?
– ஒரு வாசகி, விருகம்பாக்கம்

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையையே காப்புத்தொகையாகக் குறிப்பிடுகிறது. இருப்பினும், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள அதில் இடம் இருப்பதால், சென்னையின் பழைய பத்து மாத வழக்கம் இன்னும் தொடர்கிறது. ஆகவே சட்டத்தைக் காட்டி வாதிடுவதைவிட, வாடகையைச் சற்று உயர்த்தித் தர ஒப்புக்கொண்டு அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மகன், மகள் கல்விக்காகவோ பணி மாற்றத்துக்காகவோ ஓரிரு ஆண்டுகளில் வீடு மாற வேண்டியிருக்கும் குடும்பத்துக்குப் பெருந்தொகை முடங்காமல் இருப்பது பெரிய உதவி. தொகை எதுவானாலும் எழுத்து ஒப்பந்தம் இன்றிக் குடிபோக வேண்டாம். வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் மீதியைத் திருப்பித் தருவார்கள், மின்கட்டணம் வாரியம் விதிக்கும் வீதத்திலா, உரிமையாளர் சொல்லும் வீதத்திலா என்ற மூன்றையும் அதில் எழுதிவிடுங்கள். குடிபுகும் அன்று சுவர், குழாய், கதவு ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கே அனுப்பி வைத்தால், பிற்பாடு எது யாரால் சேதமானது என்ற வழக்கு எழாது.