மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? ஃப்ரீ த்ரோ போட்டியில் வயதுக் குழப்பம்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கிறோம். மகள் கோவையில் பிறந்தவள், பிறந்த நாள் ஏப்ரல் 3, 2016. எல்க்ஸ் என்ற அமெரிக்கச் சேவை அமைப்பு பிள்ளைகளுக்கு நடத்தும் 'ஹூப் ஷூட்' என்ற கூடைப்பந்து ஃப்ரீ த்ரோ போட்டிக்கு (கோட்டுக்குப் பின்னால் நின்று, யாரும் மறிக்காமல், வளையத்துக்குள் பந்தை எறிவது) பள்ளி மூலம் பெயர் கொடுத்தோம். 8–9 வயதுப் பிரிவு என்று நினைத்து மூன்று மாதமாக வீட்டு வாசலில் 11 அடியிலிருந்து எறிந்து பழகினாள். வந்த பட்டியலிலோ 10–11 பிரிவில் இருக்கிறாள். 15 அடியிலிருந்து எறிந்தால் பந்து வளையத்துக்கே எட்டவில்லை. தனிப் பயிற்சியாளர் ஒருவர் 600 டாலர் கொடுத்தால் எட்டு வகுப்பில் சரிசெய்துவிடலாம் என்கிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். கோளாறு பிள்ளையின் கையில் இல்லை, அநேகமாகப் படிவத்தில்தான் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து 03/04/2016 என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள், அவர்கள் கண்ணுக்கு அது மார்ச் 4.

இந்த ஒரு மாதம் ஏன் பெரிய விஷயம் என்றால், போட்டி நடக்கிற நாளில் என்ன வயது என்பதை எல்க்ஸ் பார்ப்பதில்லை. ஏப்ரல் 1 அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. 2026 ஏப்ரல் 1 அன்று உங்கள் மகளுக்கு 9 வயது, 10 முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி. எனவே 8–9 பிரிவுதான். மார்ச் 4 என்று வாசித்தால் 10 முடிந்துவிடும், கோடும் நாலு அடி பின்னால் போய்விடும். உண்மையாகவே மார்ச்சில் பிறந்த பிள்ளை என்றால் பட்டியல் சரி. டிசம்பரில் போட்டி நடக்கும்போது ஒன்பதுதானே என்று வாதாடிப் பயனில்லை.

ஏப்ரல் 1-ஆம் தேதியே பிறந்த பிள்ளை? அன்றே வயது ஏறிவிடுகிறது, மேல் பிரிவுதான். ஏப்ரல் 2 என்றால் கீழ்ப் பிரிவு. 13-ஆம் தேதி முதல் பிறந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே! மாட்டிக்கொள்வது 12-க்குள் பிறந்தவர்கள்தான். அதிலும் 04/04 போல இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் பிரச்சினை இல்லை. தலைகீழாகவும் நடக்கும். மார்ச் 4-இல் பிறந்த பிள்ளையின் தேதியை யாராவது ஏப்ரல் 3 ஆக்கிவிட்டால் 8–9 பிரிவில் சேர்ந்து ஜெயித்தும்விடும். பிறகு மேல்சுற்றில் வயதுச் சான்றைப் பார்க்கும்போது அந்த வெற்றி நிற்காது. அது இதைவிடப் பெரிய அழுகை. தேதியை எண்ணால் எழுதாமல் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். 1972-லிருந்து நாடு முழுக்க நடக்கும் போட்டி இது. படிவத்தில் மாதத்துக்கு ஒரு தனிக் கட்டம் போட்டால் என்ன குறைந்துவிடும்!

திருத்துவது பள்ளி விளையாட்டு ஆசிரியர் கையில் இல்லை. உங்கள் ஊர் எல்க்ஸ் லாட்ஜில் (அந்த அமைப்பின் உள்ளூர்க் கிளைக்கு அப்படித்தான் பெயர்) ஹூப் ஷூட் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் ஓய்வு பெற்ற தன்னார்வலர். மாதப் பெயர் எழுத்தில் உள்ள பிறப்புச் சான்று இருந்தால் அதைக் காட்டி, திருத்தியதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது. லாட்ஜ் சுற்றின் முடிவு மாவட்டச் சுற்றுக்குப் போவதற்கு முன்பே இது முடிய வேண்டும். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் பிடித்துப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சான்றைக் காட்டினால் போதும், ஊருக்கெல்லாம் பிரதி கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த 600 டாலர். போட்டிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பெற்றோர் எல்க்ஸ் உறுப்பினராக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இந்தப் பருவம் வந்தாலே 'ஹூப் ஷூட் பேக்கேஜ்' விற்கக் கிளம்பிவிடுகிறார்கள். இதில் ஜெயித்தால் கல்லூரி இடம் உறுதி, அடுத்தது ஸ்காலர்ஷிப் என்று பேசுகிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். எல்க்ஸ் தரும் கல்லூரி உதவித்தொகை பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்கானது, அதற்குத் தனி விண்ணப்பம், அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை எறியும் பந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொரு கூட்டம், நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு நடத்தும் ஃப்ரீ த்ரோ போட்டியின் விதிகளை இதோடு கலந்து சொல்லும். அது வேறு அமைப்பு: 9 முதல் 14 வயது, ஜனவரி 1 கணக்கு, 15 எறிதல்.

மூன்று மாதமும் 11 அடியில்தான் பழகினாளா என்பதை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். அந்த 11 அடியை அளக்க வேண்டியது வளையம் மாட்டியிருக்கும் பலகையின் முகத்துக்கு நேர் கீழே இருந்து. பலரும் வாசலில் நிற்கும் கம்பத்திலிருந்து டேப் பிடிக்கிறார்கள். பலகை கம்பத்தைவிட்டு இரண்டு மூன்று அடி முன்னால் தள்ளி நிற்கும், ஆகவே உங்கள் கோடு உண்மையில் எட்டு ஒன்பது அடியில்தான் இருக்கும். ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டிப் பலகையின் முகத்தை ஒட்டித் தொங்கவிடுங்கள். நட்டு தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள், அங்கிருந்து 11 அடி. வளையம் தரையிலிருந்து சரியாக 10 அடி உயரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உயரம் மாற்றும் வசதியுள்ள கம்பங்களைப் பிள்ளைகளுக்காக எட்டடிக்கு இறக்கி வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவது வழக்கம்.

பந்து 28.5 அங்குலச் சுற்றளவு, கடையில் 6-ஆம் அளவு என்று கேளுங்கள். அண்ணன் விளையாடும் 7-ஆம் அளவுப் பந்தில் பழகினால் சின்ன விரல்களுக்குப் பிடி நிற்காது, பிள்ளை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வீசத் தொடங்கிவிடும். கோட்டை மிதித்து எறியும் பழக்கம் இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள், கோட்டுக்குப் பின்னால் ஓர் அங்குலம் விட்டு நிற்கட்டும்.

போட்டியில் 25 எறிதல், ஆனால் ஒரே மூச்சில் இல்லை. முதலில் 10, மற்றவர்களும் எறிந்து முடித்த பிறகு 15. வீட்டில் வரிசையாக நூறு எறியும் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இரண்டாவது தவணையில்தான், கை ஆறிப் போயிருக்கும். பத்து எறிந்ததும் இருபது நிமிடம் உட்கார வையுங்கள். பிறகு பயிற்சி எறிதல் எதுவும் கொடுக்காமல் பதினைந்தை எறியச் சொல்லி, அதன் முதல் மூன்றைத் தனியாகக் குறித்து வாருங்கள்.