மூன்றாவது காட்சியை வெட்டலாமா?

கேள்வி: வேளச்சேரியில் 160 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தில் கலைநிகழ்ச்சிப் பொறுப்பு என்னுடையது. பொங்கல் விழாவுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் 40 நிமிட நாடகம் போடுகிறார்கள். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவரின் கதை. மூன்றாவது காட்சியில் மேஸ்திரி குடித்துவிட்டுச் சாதியைச் சொல்லித் திட்டுகிறான். 'பண்டிகையும் அதுவுமாக இது தேவையா? சமூக நலன் கருதி அந்தக் காட்சியை எடுங்கள்' என்று 6 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சமூகத்தின் நன்மைக்காகக் கலையைத் தணிக்கை செய்வது சரிதானா? நான் என்ன செய்யட்டும்?
- வாசகர், வேளச்சேரி

பதில்: வெட்டாதீர்கள். அதற்காக அந்த 6 பேரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை எதைப் பார்க்கப்போகிறது என்று பெற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஓர் அறிவிப்புப் பலகை போதுமே, கத்தரிக்கோல் எதற்கு?

'சமூக நலன்' என்பது நல்ல சொல்தான். ஆனால் பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் அரசியல் சட்டப் பிரிவு 19(2)இல் அந்தச் சொல் கிடையாது. இறையாண்மை, நாட்டுப் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று பெயர் சொல்லித்தான் அது வரையறுக்கிறது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழை இங்கே உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. தொட்டதற்கெல்லாம் புண்படுகிறவரின் கண்ணால் பார்க்கக் கூடாது, சாதாரண அறிவுள்ள மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது. அதுவும் சினிமாவுக்குச் சொன்னது, சினிமாவுக்காவது முன்தணிக்கை உண்டு. நாடகத்தைப் பொறுத்தவரை 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையே, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. காவல்துறைக்கே இல்லாத அதிகாரத்தை அடுக்ககச் சங்கம் கையில் எடுப்பானேன்?

முதலில் அந்த 6 பேரிடமும் திருத்தமாக எழுதி வாங்குங்கள்: எந்தப் பக்கம், எந்த வசனம், அதனால் யாருக்கு என்ன கெடுதல். 'மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு' என்பது ஆட்சேபணை ஆகாது. பிறகு, விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் முழு ஒத்திகைக்கு அவர்களை அழையுங்கள். ஒரு காட்சியை மட்டும் போட்டுக் காட்டினால் வசவுதான் காதில் விழும். அதைப் பேசுகிறவனை நாடகம் எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது தெரியாது.

சாதிப் பெயரை வாயில் மென்று விழுங்கச் சொல்லாதீர்கள். பார்ப்பவர்கள் அந்த இடத்தை அதைவிட மோசமான சொல்லால் நிரப்பிக்கொள்வார்கள், இல்லையென்றால் சிரிப்பார்கள். மேஸ்திரி தம்ளரைக் கையில் கொடுக்காமல், தொழிலாளியின் குவித்த கையில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினால் வசவைவிட ஆழமாகத் தைக்கும். இதை யோசனையாகச் சொல்லுங்கள், உத்தரவாக அல்ல. பிள்ளைகள் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

நிஜமான வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. மேஸ்திரிக்கு உங்கள் அடுக்ககத்துக்கு வரும் கழிவுநீர் லாரிக்காரரின் பெயரோ, அவருடைய ஆட்கள் போடும் அதே நிறச் சட்டையோ இருந்தால் அது அவதூறு வழக்குவரை போகலாம். பெயர், சட்டை, லாரியின் நிறம் மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். குடிப்பவனாக நடிப்பவர் 18 வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். பாட்டில் பிளாஸ்டிக்காக, லேபிள் இல்லாமல், உள்ளே கட்டன் சாயாவோடு இருந்தால் போதும்.

அறிவிப்பை இப்படி எழுதலாம்: 'தொட்டி மரணம், சாதி வசவு, குடி ஆகியவை இடம்பெறும். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் முடிவுப்படி.' சினிமாவிலும் 2023 திருத்தத்துக்குப் பிறகு 7, 13, 16 என்று வயது போட்டுத்தான் யுஏ சான்றிதழ் தருகிறார்கள். அழைப்பிதழில் அச்சிடுங்கள், மூன்று நாள் முன்னால் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கடைசி நேரத்தில் மைக்கில் சொல்வது வீண். அதற்குள் வாண்டுகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். நாலு பேர் பார்க்க எழுப்பிக்கொண்டு போகப் பெற்றோருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் 6 மணிக்குக் குழந்தைகளின் நடனம், 7 மணிக்குச் சுண்டல், 7.20க்கு நாடகம் என்று வையுங்கள். அந்த 20 நிமிட இடைவெளிதான் முக்கியம். எட்டு மணிக்கு நாடகம் முடிந்ததும் கால் மணி நேரம் கலந்துரையாடல். முதல் மைக் அந்த 6 பேரில் ஒருவருக்கு. எல்லாம் 10 மணிக்குள் அடங்கட்டும், அதன்பின் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கத் தடை.

அந்த 6 பேரும் எழுதாத ஓர் ஆபத்து உண்டு. 'தத்ரூபமா இருக்கணும்' என்று போஸ்டருக்குப் படமெடுக்கப் பிள்ளைகள் உங்கள் அடுக்ககத்தின் தொட்டி மூடியைத் திறக்கக்கூடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. வாடை போய்விட்டது என்று குனிந்தவர் அப்படியே விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். பிளைவுட்டில் ஒரு மூடி செய்து கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுங்கள். நிஜத் தொட்டியின் பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.