குழந்தை முதலா, சமையலறை முதலா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது 30 ஆண்டுப் பழைய இரண்டு மாடி வரிசை வீடு. மனைவிக்கு நான்காம் மாதம், முதல் குழந்தை. மாதச் செலவு 5,000 ரிங்கிட், சேமிப்பு 48,000. பின்புறச் சமையலறையை நீட்ட 34,000, மேல்மாடிக் குளியலறைக் கசிவுக்கும் வயரிங்குக்கும் 16,000, அலமாரி, சீலிங்குக்கு 8,000 என்கிறார் குத்தகையாளர். 40,000 தனிநபர் கடன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 6 விழுக்காடு ஃபிளாட் வட்டியில் 5 ஆண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 12,000, மாதத் தவணை சுமார் 867. அசல் குறையக் குறைய வட்டி குறையாது என்பதால் உண்மையான வட்டி 11 விழுக்காட்டை நெருங்கும். அதுவும் பால்மாவும் குழந்தைப் பராமரிப்பும் தொடங்கும் நேரத்தில்!

சேமிப்பைப் பிரியுங்கள். தனியார் மருத்துவமனை என்றால், அறுவைப் பிரசவம் ஆனாலும் தாங்க 15,000. சாதாரணப் பிரசவத்தைப் பெரும்பாலான மருத்துவ அட்டைகள் ஏற்பதில்லை, பாலிசியைப் படித்துவிடுங்கள். மூன்று மாதச் செலவுக்கு இன்னொரு 15,000. மனைவிக்கு 98 நாள் விடுப்பு சம்பளத்தோடுதான், ஆனால் ஓவர்டைம் வராது. மீதி 18,000. கசிவு, வயரிங் வேலையை மட்டும் இப்போது செய்யுங்கள். 16,000 அதற்கு, உடைத்த பின் தெரியும் பழுதுக்கு 2,000. அலமாரி காத்திருக்கட்டும்.

குளியலறையில்தான் பணம் வீணாகும். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் கசிவு அப்படியே இருக்கும். பழையதைப் பெயர்த்து, வாட்டர்புரூஃபிங்கைத் தரையில் மட்டுமல்லாமல் சுவரில் ஓர் அடி உயரம் வரை பூசச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்மாடிக் கூரையைப் பாருங்கள். வயரிங்கை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

முன்பணம் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். பாதிப் பணம் முன்னாலேயே கேட்பவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பிடிக்க முடியாது. முடிந்த வேலைக்கு மட்டும் பணம். கடைசி 10 விழுக்காட்டை ஒரு மாதம் பிடித்து வையுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உடைக்கும், சுரண்டும் நாள்களில் மனைவி அம்மா வீட்டில் இருக்கட்டும். எல்லாம் கர்ப்பத்தின் எட்டாம் மாதத்துக்குள் முடிய வேண்டும்.

சமையலறை நீட்டிப்புக்கு டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) அனுமதி தேவை. வரைபடத்தை இப்போதே கொடுத்து வைக்கலாம், ஆனால் கட்டும் வேலைக்கு அவசரமில்லை. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு 3-இல், எப்போதும் எடுக்கக்கூடியதாக இருப்பதை அதற்காகத் தொடாதீர்கள்; மனைவி வேலைக்குத் திரும்பியதும் மாதச் சேமிப்பிலிருந்து தொடங்குங்கள்.