அலமாரியின் உள்பக்கம் பாருங்கள்

கேள்வி: பெருநகரத்தில் வசிக்கிறேன். புத்தகக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கே போனாலும் ஒரே புத்தகங்கள்தான் கண்ணில் படுகின்றன. நல்ல கடை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வாசலருகே இருக்கும் மேசையை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான் அதைத் தாண்டி நேராக உள்ளே போய்விடுவேன். மேசையில் இருப்பவை சுடச்சுட விற்கவேண்டிய புதுவரவுகள். நகரத்தின் நடுவில் வாடகை அதிகம். மெதுவாக விற்கும் பழைய புத்தகங்களைப் பதிப்பகத்துக்குத் திருப்பிவிட்டு அந்த இடத்தில் புதியதை அடுக்குவதுதான் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும். அந்த நெருக்கடியிலும் பழையதைக் கைவிடாத கடையே என் கணக்கில் நல்ல கடை.

நீங்கள் நன்றாகப் படித்த ஓர் எழுத்தாளரை மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள். அவருடைய விருது பெற்ற நாவல் மட்டும் இருக்கிறதா, அதிகம் பேசப்படாத சிறுகதைத் தொகுப்பும் இருக்கிறதா? இரண்டாம் பாகம் இருந்து முதல் பாகம் இல்லையென்றால், அந்தத் தட்டை யாரும் கவனிப்பதில்லை.

அப்புறம், அங்கே இல்லாத ஒரு புத்தகத்தைக் கேளுங்கள். கணினியைப் பார்த்து “ஸ்டாக் இல்லை” என்று முடித்துவிடுகிறார்களா? “அந்தப் பதிப்பு தீர்ந்துவிட்டது, வேறு பதிப்பகம் போட்டிருக்கிறது, வரவழைக்கட்டுமா?” என்று கேட்பவர் இருந்தால் அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள், எவ்வளவு சிறிய கடையானாலும் சரி.

ஆர்டர் கொடுக்கும்போது, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் மட்டும் போதாது. 2007 ஜனவரியில் அது 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமாக மாறியது. திருத்திய பதிப்புக்கு எண்ணே வேறாக இருக்கும். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் தள்ளுபடி கிடைக்கும்போது கடையில் ஏன் வாங்கவேண்டும்?

பதில்: எல்லாவற்றையும் கடையில்தான் வாங்கவேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடையில் புரட்டிப் பார்த்து, அங்கிருப்பவரிடம் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, வெளியே வந்து போனில் ஆர்டர் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் சொன்ன விவரத்துக்கு யாரும் அவருக்குச் சம்பளம் தரப்போவதில்லை.

பிரான்சில் 1981-இல் இயற்றிய சட்டப்படி, புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது. பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைத்துச் சிறிய கடைகளை மூடவைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. இப்படி ஒரு பாதுகாப்பு எல்லா நாட்டிலும் இல்லை. அதனால், எந்தக் கடைக்காரர் எனக்குப் புத்தகத்தை அடையாளம் காட்டினாரோ அவரிடமே வாங்குகிறேன், வந்து சேரச் சில நாள் கூடுதலாக ஆனாலும்.