நீங்கள் போன நாடுகளில் பார்த்த மரபுரிமை இடங்களில், சாப்பாட்டோடு சேர்த்து மனதில் நின்றது எது?

நான் இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது பாடசாலை ஆசிரியை. நிறைய நாடுகள் பார்த்ததில்லை. போனது மூன்றே மூன்று: இந்தியா, மலேசியா, மொரீசியஸ். மூன்றுக்கும் ஒரே ஆசையில்தான் போனேன். எங்கள் ஆட்களைப் போலவே தோட்ட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் கடல் தாண்டிப் போனவர்கள், போன இடத்தில் எதைச் சமைத்தார்கள், அதில் எது இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிற ஆசை.

ஒன்றை மட்டும் சொல்லு என்றால், மொரீசியஸின் போர்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள ஆப்பிரவாசி காட். கூடவே, அன்றைக்கு அங்குள்ள சந்தையில் கேட்ட ஒரு சொல்.

தம்பி அங்கே வேலை செய்கிறான். டிசம்பர் விடுமுறையில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். ஆப்பிரவாசி காட் பெரிய இடமே இல்லை. துறைமுகத்தை ஒட்டிச் சில கருங்கல் கட்டடங்கள், ஒரு வாசல், ஆஸ்பத்திரியும் சமையலறையும் இருந்த இடத்தின் மிச்சம், அப்புறம் கடல் பக்கம் இருந்து ஏறி வரும் கொஞ்சம் படிகள். 1834 முதல் 1920 வரை, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவில் இருந்து கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். பீகார்க்காரர்கள்தான் அதிகம், ஆனாலும் தமிழர்களும் தெலுங்கர்களும் நிறைய. 2006இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ராஜா கட்டிய கோட்டையோ கோபுரமோ இல்லை, கூலியாட்கள் ஏறிவந்த படி. அதற்கு ஒரு நாடே நவம்பர் 2ஆம் தேதி விடுமுறை விட்டு, அங்கே போய் மலர் வைக்கிறது.

அங்கே நின்றபோது எனக்கு என் அப்பாயி ஞாபகம்தான். அப்பாயியின் பாட்டி சின்னப் பிள்ளையாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவராம். வழியில் கொள்ளை நோயில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்தார்களாம். அந்தப் பாட்டியின் பெயரைக் கூட அப்பாயியால் சொல்ல முடியவில்லை, "கிழவி" என்றுதான் சொல்வார். மொரீசியஸில் வந்து இறங்கியவர்களுக்கு ஆளுக்கொரு இலக்கம் போட்டு, பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பிந்திய காலத்தில் படமும் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இன்னும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் போய்த் தேடி எடுக்கிறார்கள். அதைக் கேட்டபோது நெஞ்சு அடைத்தது. பொறாமை என்றே சொல்லலாம்.

அங்கிருந்து நடந்து மத்திய சந்தைக்குப் போனோம். தம்பி முதலில் தோல் பூரி வாங்கித் தந்தான். கடலைப் பருப்பு மாதிரி மஞ்சள் பருப்பை அவித்து, பொடித்து, மாவுக்குள் வைத்து மெல்லிசாகத் தட்டிய ரொட்டி. இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். நடுவில் அவரைக் கறி, தக்காளிக் குழம்பு, ஊறுகாய், பச்சை மிளகாய் அரைத்தது, எல்லாம் வைத்துத் தாளில் சுருட்டி நீட்டுவார்கள். நின்றபடியே சாப்பிட வேண்டும், கை நெடுகக் குழம்பு வழியும். தோட்டத்தில் படி அளந்தது அரிசியும் பருப்பும்தான். அந்தப் பருப்பு ரொட்டிக்குள் போய் உட்கார்ந்து இன்றைக்கு அந்த நாட்டின் சாப்பாடாகவே ஆகிவிட்டது. எந்த இனத்துக்காரரும் வரிசையில் நின்று வாங்குகிறார்.

அப்புறம் கீரை விற்கிற ஒரு முதியவரிடம் நின்றேன். தமிழ் முகம். தமிழில் பேசினேன், சிரித்தார், ஒன்றும் விளங்கவில்லை. கிரியோல்தான் அவருக்கு மொழி. முன்னால் கிடந்த முருங்கைக் கீரையைக் கைகாட்டி என்ன பெயர் என்று கேட்டேன். "ப்ரெட் முரூம்" என்றார். ப்ரெட் என்றால் கீரை. முரூம் யார் என்று சொல்லவா வேண்டும்? பீர்க்கங்காயைத் தொட்டேன், "பிபாங்காய்" என்றார். மொழி போயிருக்கிறது, கறிச்சட்டிக்குள் கிடந்த சொற்கள் மட்டும் போகவில்லை. ரசத்துக்கு அங்கே "ரசோன்". தமிழ் வீட்டு விசேஷங்களில் வாழையிலையில் ஏழு கறி வைத்துப் பரிமாறுகிறார்கள். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. அந்த முதியவரால் அதை வாசிக்க முடியாது. நான் வாசித்துக் காட்டியபோது நோட்டைத் திரும்ப வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

பினாங்கை நான் சுருக்கமாகவே சொல்வேன், இரண்டு நாள்தான் இருந்தேன். ஜோர்ஜ் டவுன் 2008இல் மரபுரிமைப் பட்டியலுக்கு வந்தது. குவீன் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில், நடந்து போகிற தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதன் பக்கத்திலேயே சீனக் கோயில். சாப்பாடு என்றால் நாசி கண்டார். கண்டார் என்பது தோளில் போடுகிற காவடித் தடி. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி என்று காவிக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துத் தொழிலாளிகளுக்கு விற்றது. "பஞ்சிர்" என்று சொன்னால் நாலைந்து குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிவிடுவார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். எனக்குப் பிடித்தது, ஆனால் கூட வந்த ஆசிரியைகள் தனித்தனியாகத்தான் வேண்டும் என்று நின்றார்கள்.

நீலகிரி வேறு கதை. அது சுற்றுலா இல்லை, பெரியம்மா வீடு. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன, போகிறவர்களைக் கேட்காமலே. பெரியம்மா குடும்பம் 1974இல் போனது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் ஒரு தேயிலை மலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். நான் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை மலை ரயிலில் போனேன். நடுவில் பல் சக்கரம் பிடித்து ஏறுகிற பாதை. 1908இல் ஊட்டி வரை போட்டு முடித்தது, 2005 முதல் உலக மரபுரிமை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் காடு, பாறை, அருவி. குன்னூர் நெருங்கும்போது தேயிலை வந்தது. அழுகையும் வந்தது, எங்கள் ஊர்ப்பக்கத்துத் தலவாக்கலையை யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி.

பெரியம்மா எனக்குக் கொடுத்த முதல் சாப்பாடு ரொட்டியும் கட்டச் சம்பலும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, இரும்புக் கல்லில் விளிம்பு கருகும்வரை சுடுவது. காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் துணியில் சுற்றி எடுத்துப் போவார்கள். பத்து மணிக்குப் பிரித்தால் ஆறிப்போய் விறைத்திருக்கும், சாயத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடலாம். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வந்தபோது அந்த மாவே கிடைக்கவில்லை என்பார் அப்பாயி. சம்பலுக்குச் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடு, தேசிப்புளி. அம்மியில்தான் இடிக்க வேண்டும்.

பெரியம்மா ரொட்டியில் ஒரு குறையும் இல்லை. சம்பலில் மட்டும் ஏதோ வேறு வாசம். "மாசி எங்கடி இங்க? காஞ்ச எறாப் பொடிதான் போடுறேன். அம்பது வருசமா இதுதான்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் சம்பல்தான் என்று நான் சொல்ல வேண்டும் என்பது போல. சொன்னேன். இரண்டு ரொட்டி கூடுதலாகவும் சாப்பிட்டேன். அந்தத் தெருவில் எல்லாரும் இவர்களைச் "சிலோன்காரங்க" என்கிறார்கள். இங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள்.

இனி எங்கள் ஊர். மத்திய மலைநாடு 2010இல் உலக மரபுரிமை ஆனது. சிவனொளிபாத மலைக் காடு, ஹோர்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்த்து. காரணம் காடும் அதில் உள்ள உயிர்களும். நியாயமான காரணம்தான். ஆனால் தேயிலையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லப்படுகிற கதையில் எங்கள் ஆட்கள் இல்லாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். வழிகாட்டி அரை மணி நேரம் பேசினார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது, கோப்பியை இலைநோய் அழித்தது, இயந்திரங்கள், தரங்கள், எல்லாம் சரியாகச் சொன்னார். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியது யார் என்று ஒரு பிள்ளை கேட்டது. "லேபர்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் அறைகளை அப்படியே காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குள் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியது காணியும் வீடும். கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அப்படி ஒன்றிரண்டு போதும். 2023இல், எங்கள் ஆட்கள் வந்த 200 வருட நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தார்கள். கடைசி நாள் மாத்தளையில் நானும் சேர்ந்துகொண்டேன். கிழவிக்காக நடந்தேன்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால், டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் நடுவில் வாருங்கள். அதுதான் சிவனொளிபாத மலைப் பருவம். நல்லதண்ணிப் பக்கமாக இரவில் ஏறுங்கள். புத்தர் பாதம் என்பவரும் சிவன் பாதம் என்பவரும் ஆதம் பாதம் என்பவரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள், வழியில் ஒரே கடையில்தான் ரொட்டியும் பிளேன்டீயும் வாங்குகிறார்கள். இறங்கி வந்தபிறகு ஹோட்டல் பஃபேக்குப் போகாமல், ஹட்டன் பஜாரில் காலை ஏழு மணிக்கு ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து கட்டச் சம்பல் கேளுங்கள். மாசி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

பொங்கலுக்கு நான் மறுபடியும் கோத்தகிரி போகிறேன். பெரியம்மாவுக்கு மாசி ஒரு கிலோ வாங்கி, வாசம் வெளியே வராமல் மூன்று பையில் கட்டி வைத்திருக்கிறேன்.