இரண்டரை மணி நேரத்தில் நான்கு தேர்வா?

வணக்கம் தம்பி. கடை வேலை முடிந்து கிடைக்கும் இரண்டரை மணி நேரத்தில் தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4, பேங்க் கிளார்க், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, டைப்ரைட்டிங் நான்கும் ஓடுகிறது, எதுவும் மனதில் நிற்கவில்லை என்கிறீர்கள். நிற்காது. நானும் மூன்று தேர்வுக்கு ஒன்றாகப் படித்து மூன்றிலும் கோட்டை விட்டவன்தான்.

குரூப் 4-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100 கேள்வி, தமிழ். அதில் 60 மதிப்பெண் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான். அதனால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். தினம் ஒன்றரை மணி நேரம் அதற்கே. மீதி நேரம் கணக்கும் பொது அறிவும்.

பேங்க் தேர்வு வேறு ரகம். முதல்நிலையில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, வேகம்தான் எல்லாம். அந்தப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போடுங்கள். எஸ்எஸ்சியும் அங்கேயே போகட்டும். மனசு கேட்காதுதான், பணம் கொடுத்து வாங்கியதாயிற்றே!

டைப்ரைட்டிங்கை விடாதீர்கள். குரூப் 4-லேயே தட்டச்சர் பணியும் வருகிறது. சரி, தமிழ், இங்கிலீஷ் இரண்டில் எதில் ஹையர் (முதுநிலைத் தட்டச்சு) முடித்திருக்கிறீர்கள்?