ஆராதனையில் பாட வரவில்லை

அன்புள்ள சகோதரர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். என் கணவர் பக்கவாதத்தில் படுத்து ஐந்து வருடம் ஆகிறது. பேச்சும் சரியாக வருவதில்லை. வேலைக்கும் போய், அவரையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளையும் படிக்கவைக்கிறேன். ஆரம்பத்தில் உபவாசமிருந்து ஜெபித்தேன். எத்தனையோ பேர் வந்து கைவைத்து ஜெபித்தார்கள். ஒன்றும் மாறவில்லை. "அறிக்கையிடாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கும், ஆராய்ந்து பாருங்கள்" என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னார். "திராணிக்கு மேலே ஆண்டவர் சோதிக்கமாட்டார்" என்றார் இன்னொருவர். எனக்குத் திராணி தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறேன், பாட வாய் வருவதில்லை. ராத்திரியில் ஆண்டவரிடம் சண்டை போடுகிறேன். சில நாள் அதற்கும் தெம்பில்லாமல் படுத்துவிடுகிறேன். நான் விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டேனா? சாட்சி நேரத்தில் எழுந்து "ஆண்டவர் நல்லவர்" என்று சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால் அது பொய்யாகுமா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

அந்தப் பாவக் கணக்கை முதலில் தூக்கி எறியுங்கள். பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இருவருமில்லை என்றார் இயேசு. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்களும் இந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான். அவர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

நோய் தீராததற்கு விசுவாசக் குறைவு காரணம் என்று யாராவது சொன்னால், அப்போஸ்தலனாகிய பவுலின் கூட இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பவுல் எழுதினாரே தவிர, உன் விசுவாசத்தைச் சோதித்துப் பார் என்று எழுதவில்லை. எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தான். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவிட்டு வந்ததாகப் பவுல் தன் கடைசிக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிப் போகிறார். எத்தனையோ பேர் அவர் கையால் குணமானார்கள். கூடவே ஊழியம் செய்தவன் குணமாகவில்லை. அதற்கு அவர் காரணமும் தேடவில்லை, யார்மேலும் பழியும் போடவில்லை. அவருடைய மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன வேதனையும் மூன்று முறை வேண்டிக்கொண்ட பிறகும் எடுபடவில்லை.

"திராணிக்கு மேலே" என்ற வசனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அது 1 கொரிந்தியர் 10-இல் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகங்களுக்குப் பின்னே போனதைச் சொல்லி எச்சரிக்கிற இடம். பாவத்தில் விழத் தூண்டும் சோதனை வரும்போது தப்பிக்கொள்ள வழியும் இருக்கும் என்பதே அங்கே சொல்லப்படுகிற வாக்கு. ஒரு மனுஷி எவ்வளவு பாரம் சுமக்கலாம் என்று அளந்து சொல்கிற வசனமாக அதை ஆக்கக் கூடாது. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் தங்களுக்கு நேரிட்ட உபத்திரவம் தங்கள் பலத்துக்கு மிஞ்சியதாக இருந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். உங்கள் திராணி தீர்ந்துவிட்டது என்றால் அவர் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இனி, ராத்திரியில் நீங்கள் போடுகிற சண்டை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகமாக நிறுத்தியது அதுதான். யோபு பேசியதை மறுபடி வாசியுங்கள். பிறந்த நாளைச் சபிக்கிறான். தேவன் தன்னைக் குறிவைத்து அம்பெய்கிறார் என்கிறான். வழக்காட அவரை எங்கே கண்டுபிடிப்பேன் என்று கேட்கிறான். சிநேகிதர்கள் கடைசிவரை தேவனுக்காக வாதாடுகிறார்கள். ஒரு வரிகூட முறையிடவில்லை. முடிவில் கர்த்தர் அந்தச் சிநேகிதர்களில் ஒருவனான எலிப்பாசிடம் சொல்கிறார்: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." எனக்கு இதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. சிநேகிதர்கள் தேவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவரோடு யாரும் பேசவில்லை. யோபு கோபத்தில் திரும்பியதும் அவர் பக்கமாகத்தான். உங்கள் சண்டையும் அப்படியே. இல்லை என்று முடிவு செய்துவிட்ட ஒருவரோடு யாரும் நடுராத்திரியில் சண்டை போடுவதில்லை.

88-ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயோ ஓர் இடத்தில் திரும்பும். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று அழுது தொடங்கி, பாடுவேன் என்று முடியும். 88 திரும்பாது. தள்ளப்பட்டவனாய், சிநேகிதரெல்லாம் விலகிப்போனவனாய், இருட்டிலேயே முடிகிறான் அதைப் பாடிய ஏமான். ஆனால் அவன் தொடங்குவது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று. தலைப்பைப் பாருங்கள்: ஆலயப் பாடகரான கோராகின் புத்திரரின் பாட்டு, இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது. சபையாய்க் கூடிப் பாடுவதற்கென்று கொடுக்கப்பட்ட பாட்டு அது! நம் ஆராதனையில் இப்படி ஒன்றைப் பாடுகிறோமா? வெற்றி, விடுதலை, ஆசீர்வாதம் என்று ஒரே சுருதியில் பாடுகிறோம். உங்களைப்போல் வருகிறவர்களுக்குப் பாட நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை. உங்களுக்குப் பாட வராததில் பெரும்பங்கு குற்றம் சபையாகிய எங்களுடையது.

அதோனிராம் ஜட்சனின் வாழ்க்கை எனக்கு நினைவுக்கு வருகிறது. பர்மாவுக்கு மிஷனெரியாகப் போனவர். 1824-இல் பிடிக்கப்பட்டு ஏறக்குறைய ஒன்றரை வருடம் விலங்கோடு சிறையில் கிடந்தார். வெளியே வந்த பிறகு, 1826-இல் மனைவி ஆன் இறந்தார். அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு வயது மகளும் போனாள். அதன்பின் காட்டோரம் ஒரு குடிசை போட்டுத் தனித்திருந்தார். தனக்கே ஒரு கல்லறையை வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்ற பொருளில் 1829-இல் எழுதினார். அந்த மனுஷன்தான் 1834-இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். நீங்களும் ஏதாவது பெரிதாகச் சாதிக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 1829-இல் அவரைப் பார்த்து, இவர் பின்வாங்கிப் போனவர் என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய தவறாயிருக்கும்!

பேசாமல் படுத்துவிடுகிற நாட்களைப் பற்றியும் கேட்டீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான். தூதன் வந்து அவனைக் கண்டிக்கவில்லை. சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டான். மறுபடி எழுப்பி, பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லிச் சாப்பிடச் சொன்னான். ஆகவே தூங்குங்கள். அந்த ராத்திரிகளில் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு உங்களுக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8 சொல்கிறதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் தூக்கமே வராமல், சாகலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

சாட்சி விஷயம். ஆண்டவர் நல்லவர் என்று நீங்கள் நம்பினால், உணரமுடியாத நாளிலும் அதைச் சொல்வது பொய்யாகாது. ஆனால் மற்றவர்கள் கேட்பதற்காகச் சொல்லவேண்டியதில்லை. எழுந்து, "ஐந்து வருடமாய்க் கூப்பிடுகிறேன், பதில் வரவில்லை, இன்றைக்கும் கூப்பிட்டேன்" என்று சொல்லி உட்காருங்கள். அந்தக் கூட்டத்தில் இதையே சொல்லமுடியாமல் உட்கார்ந்திருக்கிற வேறு சிலரும் இருப்பார்கள். அதற்கும் மனமில்லையென்றால் எழும்பவே வேண்டாம்.

ஒரு காரியம் மட்டும் கட்டாயம் செய்யுங்கள். கப்பர்நகூமில் நடக்கமுடியாத திமிர்வாதக்காரனை நாலுபேர் இயேசுவிடம் சுமந்து வந்தார்கள். உங்கள் வீட்டில் ஐந்து வருடமாய் ஒரே ஆள் சுமக்கிறீர்கள். வந்து ஜெபித்துவிட்டுப் போனவர்களில் யாராவது ஒரு ராத்திரி உங்கள் கணவரைப் பார்த்துக்கொண்டு உங்களைத் தூங்கவிட்டார்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இந்த வாரமே போதகரைப் பாருங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து இருக்க ஆள் வேண்டும், சபையிலிருந்து ஏற்பாடு செய்யுங்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். "ஜெபிக்கிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால், எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்